வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

மற்ற ஊர்களைப் போலவே அதிராம்பட்டினத்திலும் காய்ச்சல் வந்தால் பலர் முதலில் போவது மெடிக்கலுக்குத்தான். "ரெண்டு மாத்திரை குடுங்க" என்றால், பாரசிட்டமாலோடு சில சமயம் அசித்ரோமைசினும் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது! சட்டத்தை விடுங்கள், வைரஸ் காய்ச்சலில் அது வேலையே செய்யாதே...

அசித்ரோமைசின் தாக்குவது பாக்டீரியாவின் ரைபோசோமை, அதாவது புரதம் செய்யும் இயந்திரத்தை. வைரஸுக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அது நம்முடையதைப் பிடுங்கிக்கொள்கிறது.

பிடுங்கும் விதம்தான் சுவாரசியம். நம் செல்லின் எம்.ஆர்.என்.ஏ. முனையில் ஒரு 'தொப்பி' உண்டு. தொப்பியையும் ரைபோசோமையும் இணைக்கும் பாலம் ஒரு புரதம். போலியோ வைரஸ் உள்ளே போனதும் 2ஏ என்ற தன் நொதியால் அந்தப் பாலத்தை வெட்டிவிடும். சில மணி நேரத்தில் செல்லின் சொந்த உற்பத்தி பெரும்பாலும் படுத்துவிடும். போலியோவின் ஆர்.என்.ஏ.வுக்கோ தொப்பியே தேவையில்லை. ரைபோசோமை நடுவிலேயே ஏற்றிக்கொள்ளும். (1988-ல் கனடாவில் பெல்லட்டியரும் சோனென்பெர்க்கும் கண்டது இது.) கொரோனாவின் வழி வேறு. அதன் என்எஸ்பி1 புரதம் ரைபோசோமின் வாயிலேயே அடைப்பான் மாதிரி உட்கார்ந்துகொள்வது 2020-ல் தெரிந்தது. பக்கத்து செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரானும் புரதம்தானே, அதுவும் சரியாக உற்பத்தியாகாது!

இந்தச் சண்டையில் ஆன்டிபயாடிக்குக்கு என்ன வேலை? குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், தப்பியவை மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கூடவே பாக்டீரியா தொற்றும் இருந்தால் கதை வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. வைரஸ் நோய்கள், பாக்டீரியா நோய்கள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் பாடம், ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஏன் ஆகாது என்று சொல்லித்தர வேண்டாமா?

கடற்கரை இறால் பண்ணைக்கும் இதே கணக்குதான். 1994-95 வாக்கில் இந்தியப் பண்ணைகளைப் புரட்டிப்போட்ட வெள்ளைப்புள்ளி நோயும் வைரஸ்தான். 3 முதல் 10 நாளில் குளமே காலியாகிவிடும். குளோராம்பெனிக்கால் கொட்டினாலும் (தடை செய்யப்பட்டது வேறு!) அந்த வைரஸ் அசையாது. குஞ்சுகளை பி.சி.ஆர். சோதனை செய்து வாங்குவதும், நண்டு ஏறாமல் வேலி, காக்கை இறங்காமல் கயிறு கட்டுவதும்தான் வழி. அந்தச் செலவு, செத்த குளத்தில் கொட்டும் மருந்துச் செலவு மாதிரி வீணாகாது.