வாக்கு மாறியவர் யார்?

2018 ஆம் ஆண்டுக் கோடையில் நான் லண்டனில் தங்கியிருந்த மூன்று வாரங்களும் என் தங்கை வீட்டில் ஒரே பேச்சுத்தான். அவளது மகன் வீடு வாங்குகிறான். ஹரோப் பகுதியில், 1930களில் கட்டப்பட்டு, ஒருபக்கச் சுவரை அயல்வீட்டோடு பகிர்ந்துகொண்டு நிற்கும் வீடு. விற்பவர் எங்கள் ஊரவர். தங்கையின் கணவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். விலை 4 இலட்சத்து 68 ஆயிரம் பவுண் என்று பேசி முடித்து, கைகொடுத்து, தேநீரும் குடித்தாயிற்று. அதன் பிறகுதான் சேர்வே அறிக்கை வந்தது.

கீழ்த்தள வரவேற்பறையை விசாலமாக்குவதற்காகக் கணப்படுப்பைச் சூழ்ந்திருந்த செங்கல் தண்டு இடித்து அகற்றப்பட்டிருந்தது. ஆனால் மேல்மாடி அறையிலும் கூரைக்கு மேலும் அதே புகைபோக்கி அப்படியே நிற்கிறது. அதைத் தாங்க உருக்குத் தீராந்தி போட்டதற்கான அடையாளமோ, கடதாசியோ எதுவுமில்லை. பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறைக்கு நகரசபை வழங்கும் நிறைவுச் சான்றிதழும் இல்லை. கூரை ஓடுகள் பழையவை. கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரையும் இரண்டு ஒப்பந்தகாரரையும் அழைத்துக் காட்டியதில், எல்லாவற்றையும் திருத்த 19 ஆயிரம் பவுண் வரை செல்லும் என்றார்கள்.

விலையைக் குறைக்கும்படி கேட்கப்போவதாக மருமகன் சொன்னான். வீடு இரண்டுபட்டது. "குடுத்த வாக்கை மாத்துறதோ? ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?" என்றாள் தங்கை. விற்பவரோ தொலைபேசியில், "தம்பி, இருவத்திரண்டு வருஷம் நாங்கள் இருந்த வீடு. ஒரு கல்லெண்டாலும் விழுந்ததோ?" என்று கேட்டார்.

இந்த 'வாக்கு' என்ற சொல்லைப் பற்றித்தான் நான் சண்டைபிடிக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் காணி, வீடு விற்பனை எழுத்திலான ஒப்பந்தமாக இருந்தாலன்றிச் செல்லாது. 1989 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. விலை பேசிய நாளுக்கும் ஒப்பந்தப் பிரதிகள் கைமாறும் நாளுக்கும் இடையிலுள்ள வாரங்கள், வாங்குபவன் தான் வாங்கப்போவதைப் பரிசோதிப்பதற்கானவை. அறிக்கையில் எது வந்தாலும் பேசிய விலையையே கொடுப்பதானால் அந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பானேன்?

நம்மவருக்கு இது புதினமும் அன்று. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டே காணி விற்பனை நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டியது. வாயால் பேசியதை மட்டும் நம்பிக் காணி வாங்கிய பாட்டன் நமக்கு எவரும் இல்லை. விலை பேசிய பிறகு பழைய உறுதிகளைக் கிண்டுவார்கள். கிணற்றில் பங்கு இல்லை, வழிவாய்க்கால் உரித்தில் பிணக்கு, கொழும்பிலிருக்கும் ஒரு சகோதரி இன்னும் கையொப்பம் வைக்கவில்லை என்று ஏதாவது வந்தால் அன்றே விலை இறங்கும். யாரும் அதை வாக்கு மாறுதல் என்று சொன்னதில்லை. கடதாசியிலுள்ள குறைக்கு விலை குறையலாம், சுவரிலுள்ள குறைக்குக் குறையக்கூடாதாம். வாசல் எந்தத் திசை என்று மூன்று பேரிடம் கேட்கும் நாம், கூரையை ஒருவருக்கும் காட்டுவதில்லை. வங்கி ஆளனுப்பிப் பார்க்கிறதே என்பார்கள். அவர் வருவது வங்கியின் கடன் திரும்பி வருமா என்று பார்க்கத்தான்.

"ஒரு கல்லும் விழவில்லை" என்ற வாதத்துக்கு வருவோம். 1989 இல் பிரபுக்கள் சபை வரை சென்ற ஒரு வழக்கு உண்டு. நொறிச் நகரத்து எளிய வீடொன்றில் இதேபோலப் புகைபோக்கித் தண்டுகள் அகற்றப்பட்டிருந்தன. வீட்டை மதிப்பிட்டவர், மீதியாய் மேலே நிற்பதற்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வாங்கி ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் செங்கற்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. மதிப்பிட்டவர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த வீட்டிலும் முதல் நாள் வரை ஒரு கல்லும் விழவில்லை.

விற்பவரின் சொலிசிற்றர் ஒரு காப்புறுதிப் பத்திரம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அனுமதியின்றிக் கட்டியதற்காக நகரசபை நடவடிக்கை எடுத்தால் அது பணம் தரும். செங்கல்லைத் தாங்காது. அடுத்து விற்பவரே ஒரு யோசனை சொன்னார்: பத்திரத்தில் விலை அப்படியே இருக்கட்டும், 8 ஆயிரத்தைக் கையில் தருகிறேன். இதை 'உதவி' என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் மெச்சினார்கள். கடன் தரும் வங்கிக்குப் பொய்விலை காட்டுவதற்கு உதவி என்றா பெயர்? அந்த 8 ஆயிரத்துக்கும் சேர்த்து வரி கட்டுபவனும் வாங்குபவன்தான்.

வாங்குபவர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்காக வாய் திறவாமல் இருந்து, விற்பவர் அடுத்த வீட்டுக்குச் சாமான் கட்டி முடித்த பிறகு, ஒப்பந்தம் கைமாறும் காலையில் இருபதினாயிரம் குறை என்பவர்களும் நம்மிடையே உண்டு. அது கழுத்தில் கத்தி வைப்பது. தொண்ணூறு வருடத்து வீட்டில் ஓடு பழசு என்று காசு பறிப்பதும் அநியாயம். ஓட்டின் வயது முதல் நாளே தெருவிலிருந்து தெரிந்ததுதானே. மருமகனுக்கு நான் சொன்னதும் இதுதான்: கூரையை விடு, கண்ணுக்குத் தெரியாதிருந்ததை மட்டும் கேள், அறிக்கையின் பிரதியை இன்றைக்கே அவருக்கு அனுப்பு. ஓடுகளைக் கழித்து 15 ஆயிரம் கேட்டான்.

ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பவரே நிலை அறிக்கையைத் தயாரித்து, வாங்க வருவோருக்குக் காட்டவேண்டும். அங்கே பேரம் உண்மை தெரிந்த பிறகு தொடங்குகிறது. இங்கிலாந்தில் விற்பவர் தானாக முன்வந்து தன் வீட்டின் பழுதைச் சொல்லவேண்டிய கடப்பாடு பெரும்பாலும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லாதிருந்தால் போதும். ஆகவே மருமகன் கேள்வியை எழுத்தில் கேட்டான். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தண்டை 2003 இல் இடிப்பித்தவர் இதே ஊரவர்தான். தெரிந்த பெடியன் ஒருவன் சனி, ஞாயிறில் வந்து செய்துகொடுத்தானாம். தேநீர் குடித்த அன்று, "சாலையை எவ்வளவு பெரிசாக்கி வைச்சிருக்கிறன் பாருங்கோ" என்று கைவிரித்துக் காட்டியவரும் அவரே.

முடிவில் விலை 13 ஆயிரம் இறங்கியது. தீராந்தி போட வந்தவர்கள் மேல்தளப் பலகையைக் கழற்றியபோது, புகைபோக்கிக்கு இரண்டு மரத்துண்டுகள்தான் முண்டு கொடுத்து நின்றன. அதற்கு மேலே இருந்தது அவரது பிள்ளைகள் படுத்த அறை. மருமகன் படமெடுத்து எனக்கு அனுப்பினான். விற்றவருக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறான். மனுசன் என்ன நினைக்கும் என்று தங்கை தடுத்துவிட்டாள்.