வாசலில் விட வேண்டியது

திருவெண்ணெய்நல்லூர் அருட்டுறைக் கோயில் வாசலில் நின்றால் ஒரு பழைய வழக்கு ஞாபகத்துக்கு வராமல் இராது. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை ஒரு கிழவேதியர் வந்து தடுத்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்டினார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று வைதார். இவ்வூர்ச் சபையில் வழக்கு நடந்து, சுந்தரர் தோற்றார். பிறகு ஆட்கொண்ட இறைவன், வைத அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடச் சொன்னான் என்பது புராணம்.

சென்ற மாதம் இந்தக் கதையை எனக்கு எடுத்துச் சொன்னவர் சைவர் அல்லர். இவ்வூரில் வசிக்கும் கிறிஸ்தவ நண்பர், உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். "பார்த்தீர்களா, ஐயா! ஆண்டவன் நம் வாயில் இருக்கும் சொல்லையே கேட்கிறான். மனிதர்கள்தாம் வேறு சொல், வேறு உடை கேட்கிறார்கள்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவருடைய தகப்பனார் பயிர்த்தொழில் செய்தவர். சிறு வயதில் அவருடன் ஒரு பட்டணத்துத் தேவாலயத்துக்கு நண்பர் போயிருந்தார். மேல்துண்டுடன் முன் பெஞ்சியில் உட்கார்ந்த பெரியவரைப் பின்னால் போகும்படி யாரோ ஜாடை காட்டினார்கள். அன்று முதல் அவர் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், பக்தியை நிறுத்தவில்லை. விடியற்காலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தனியே ஜெபம் செய்வார்.

இது ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் மாத்திரம் அன்று. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் வருஷத்தில்தான் இடிக்கப்பட்டது. தேசத்தை நேசித்த கிறிஸ்தவர்களுக்கோ இன்னொரு சங்கடமும் இருந்தது. ஊரார் அவர்களை அந்நியர் என்றனர்; கோயிலுக்குள்ளேயோ எல்லாம் சீமை வழக்கமாக இருந்தது.

இந்தச் சங்கடத்துக்கு இரண்டு வைத்தியர்கள் மருந்து தேடினார்கள். ஒருவர் தமிழர், டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தில் செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். 1921-இல் இருவரும் சேர்ந்து வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். விவாகம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்து, சைவ உணவு உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார்கள். அவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளைக்காரர்தாம் சின்னண்ணன்! அக்காலத்தில் இந்த முறை எத்தனை பேருக்கு வியப்பாக இருந்திருக்கும்?

அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்துக்குக் கோபுரம் உண்டு. திராவிடச் சிற்ப முறையில் அமைந்த அந்த ஆலயத்தில் பாதரட்சையை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்து தொழுவார்கள்.

அந்தக் கதர் வெறும் வேஷமும் அன்று. 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த வீதியில் நின்றிருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள்; சாய நீரையும் பீய்ச்சினார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டிலும் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. கதர் உடுத்தவனுக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைத்தது; வெள்ளைத் தோல் அவரைக் காக்கவில்லை.

நண்பர் உத்தியோகத்தில் அமர்ந்த பிறகு, வயதான தகப்பனாரை ஒரு முறை திருப்பத்தூருக்கு அழைத்துச் சென்றாராம். கோபுரத்தைக் கண்டதும் கிழவர் தயங்கி நின்றார்.

"இங்கே என்னை எங்கேப்பா உட்காரச் சொல்லுவார்கள்?" என்று கேட்டார்.

"எல்லோரும் தரையில்தான், அப்பா."

கிழவர் செருப்பைக் கழற்றினார். பழக்கத்தினால் மேல்துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். யாரும் ஜாடை காட்டவில்லை. வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லையாம். இதைச் சொல்லும்போது நண்பருக்குக் குரல் தழுதழுத்தது.

கோபுரம் கட்டினால் மாத்திரம் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கோபுரம் உள்ள கோயில்களின் வாசலிலும் எத்தனையோ பேரை நாம் வெளியே நிறுத்தி வைத்திருந்தவர்கள்தாமே? ஆலயம் எந்தச் சமயத்தினுடையதானாலும், வாசலில் விட வேண்டியது செருப்பு ஒன்றுதான். மானத்தையும், பிறந்த நாட்டையும், தாய்மொழியையும் அல்ல. அவற்றுடன் ஒருவன் உள்ளே வரும்போது நகர்ந்து இடம் கொடுப்பதே, உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் வழிபாடு.