வீட்டு வரியில் ஒரு நூல்நிலையம்

ஆண்டுதோறும் வீட்டு வரி கட்டுகிறார்கள். ரசீதை வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைக்கிறார்கள். அந்த வரியோடு இன்னொரு வரியும் சேர்ந்து போகிறது. அது பலருக்குத் தெரியாது.

அதன் பெயர் நூலக வரி. தமிழ்நாட்டில் வீட்டு வரி ஒரு ரூபாய் என்றால், அதற்கு மேல் 10 காசு நூலக வரி. வீட்டு வரி 1,000 ரூபாய் கட்டுகிற குடும்பம், நூல்நிலையத்துக்கு 100 ரூபாய் கொடுக்கிறது. குடிசை வீட்டுக்காரரும் கொடுக்கிறார். மாடி வீட்டுக்காரரும் கொடுக்கிறார். வாடகைக்குக் குடியிருப்பவரின் பங்கும் வாடகைப் பணத்திலேயே அடங்கிவிடுகிறது.

கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இதுதான் கேள்வி.

கன்னிமரா

ஒரு காலத்தில் புத்தகம் என்பது படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. சென்னை எழும்பூரில் 1896-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கன்னிமரா நூலகம் திறக்கப்பட்டது. முன்பு கவர்னராக இருந்தபோது அடிக்கல் நாட்டிய கன்னிமரா பிரபுவின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அழகான கட்டடம், அரிய புத்தகங்கள். ஆனால் கிராமத்து விவசாயி சென்னைக்கு வந்து படிக்க முடியுமா?

மாட்டு வண்டியில் புத்தகம்

அந்தக் கேள்விக்கு மன்னார்குடியில் ஒரு பதில் கிடைத்தது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டி ஒன்றில் புத்தகங்களை ஏற்றினார். 1931-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி மேலவாசல் கிராமத்தில் அந்த வண்டி கிளம்பியது. உப்பு வண்டி வருவதுபோல, வளையல் வண்டி வருவதுபோல, புத்தக வண்டி ஊர் ஊராகப் போயிற்று. மக்கள் நூல்நிலையத்தைத் தேடி வர முடியாவிட்டால், நூல்நிலையம் மக்களைத் தேடிப் போகவேண்டும் என்பதை அந்த மாடுகள் காட்டிவிட்டன.

கணக்கு வாத்தியார் செய்த காரியம்

இந்த முயற்சிகளுக்கெல்லாம் ஊக்கம் தந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடப்பதற்கு அல்ல, மக்கள் எடுத்துப் படிப்பதற்கே என்பது அவருடைய கொள்கை.

நல்லவர்கள் மனம் வைத்தால்தான் நூல்நிலையம் நடக்கும் என்ற நிலை கூடாது என்று அவர் எண்ணினார். கொடையாளி மறைந்தால் நூல்நிலையமும் மறைந்துவிடும். சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார்.

சுதந்திரம் வந்தது. கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் சென்னைதான். 1950-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 பை, அதாவது அந்தக் காலத்து அரையணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. பிறகு அது படிப்படியாக உயர்ந்து 10 காசு ஆயிற்று.

வரி போகும் வழி

வரியை வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. அது மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தப் பணத்தில்தான் புத்தகம், பத்திரிகை, மேஜை, நாற்காலி எல்லாம். மாவட்டத் தலைநகரில் மைய நூலகம். ஊர்களில் கிளை நூலகம். கிராமங்களில் ஊர்ப்புற நூலகம் என்று மாநிலம் முழுவதும் நாலாயிரத்துக்கு மேல் இயங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மாநில மைய நூலகமாக இருப்பது அதே கன்னிமரா. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே வந்து சேரவேண்டும்.

2010-ல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. மறு ஆண்டே அந்தக் கட்டடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. படிக்கிறவர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு தடை விதித்தது. நூலகம் அங்கேயே நிலைத்தது. 2023-ல் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

குறை எங்கே?

பெரிய நூலகங்களைக் காக்க நாலு பேர் வருவார்கள். சந்தைப்பேட்டைத் தெருவில் இருக்கும் கிளை நூலகத்துக்கு யார் வருவார்கள்? வசூலான நூலக வரி உரிய காலத்தில் போய்ச் சேராமல் பாக்கி நிற்கிறது என்ற செய்தி பலமுறை வந்திருக்கிறது. பாக்கி நின்றால் புதுப் புத்தகம் வராது. ஒழுகும் கூரைக்கு ஓடு மாறாது. புதுப் புத்தகம் இல்லாத இடத்துக்கு மக்கள் வருவதில்லை. மக்கள் வராத இடத்தின் குறையை யாரும் கேட்பதில்லை.

இந்த வட்டத்தை உடைப்பது மக்கள் கையில்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பத்திரிகை படிக்கக் காசு வேண்டாம். சிறு தொகை கட்டி உறுப்பினர் ஆனால் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். வேலைக்குப் பரீட்சை எழுதும் பையனுக்கு அங்கே இடம் இருக்கிறது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் கிடைக்கும். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் கேட்கலாம். கேட்பது பிச்சை அல்ல, பாத்தியதை.

பெட்டியில் இருக்கும் வரி ரசீதே அதற்குச் சாட்சி.