விஞ்ஞான விநோதம்: உண்ட உணவே யமன்

உணவிலே விஷம் கலந்திருந்தால் நமது நாவாவது சில சமயம் எச்சரிக்கை செய்யும். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கோ அந்தப் பாக்கியமும் இல்லை. சாதாரணப் பாஸ்வரத்தையும் கதிர்வீசும் பாஸ்வரத்தையும் பகுத்தறிய அதனால் இயலாது. ரஸாயன குணத்தில் இரண்டும் ஒன்றே.

பாஸ்வரம்-32 என்பது நிலையற்ற வஸ்து. அதன் அணுக்களில் சரிபாதி, சுமார் 14 நாட்களில், ஆளுக்கொரு எலெக்ட்ரானை வெளியே வீசிவிட்டுக் கந்தகமாக மாறிவிடும். மீதியில் பாதி அடுத்த 14 நாட்களில் மாறும். இது கலந்த உணவில் வளரும் கிருமிகள், பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையிலே இதனைச் சேர்த்துக் கட்டிக்கொள்கின்றன. அவ்விழையோ சர்க்கரையும் பாஸ்வரமும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. பாஸ்வரம் கந்தகமானால் அவ்விடத்தில் சங்கிலி அறுந்துபோகிறது.

இதனால் விளையும் மரணத்தைக் கணக்கிட்ட ஆராய்ச்சியை, ஃபூர்ஸ்ட், ஸ்டென்ட் என்னும் இருவர் 1956-ம் ஆண்டில் வெளியிட்டனர். கதிர்வீசும் பாஸ்வரத்தை உண்ட ஈ. கோலி என்னும் குடற் கிருமிகளை அவர்கள் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், உறைய வைத்தனர். அக்குளிரில் உயிரின் காரியங்கள் யாவும் நின்றுவிடும். அணுவின் கடிகாரம் மட்டும் நிற்பதில்லை! அவ்வப்போது ஒரு பகுதியை உருக்கிப் பார்த்தபோது, மீண்டும் பெருகவல்ல கிருமிகள் வரவரக் குறைந்துகொண்டே வந்தன.

கொன்றது வெளியே பாய்ந்த எலெக்ட்ரானா, அணு மாறிய மாற்றமா என்று நேயர்கள் கேட்கலாம். அந்த எலெக்ட்ரான் நீரிலே சில மில்லிமீட்டர் தூரம் ஓடவல்லது. கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. ஆகவே அது தன் சக்தியில் மிகப் பெரும்பகுதியை வெளியிலேதான் செலவிடுகிறது. முக்கியமான கேடு, அணு மாறிய இடத்திலேயே நேருகிறது.

ஆயினும் ஒவ்வொரு மாற்றமும் மரணமாவதில்லை. கிருமிகளைத் தாக்கும் வைரஸ்களை 1951-ல் ஹெர்ஷி முதலானோர் சோதித்தபோது, சுமார் பத்து மாற்றங்களுக்கு ஒன்றே உயிரைப் போக்கிற்று. டி.என்.ஏ. இரட்டை இழையாயிற்றே! ஓர் இழை அறுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒருங்கே அறுந்தால்தான் ஆபத்து. ஒற்றை இழை மட்டுமே உள்ள வைரஸ்களில் ஏறக்குறைய ஒவ்வொரு மாற்றமும் மரணமாகவே முடிந்தது. விளக்கம் சரியென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்த அழிவே பின்னர் ஓர் உண்மையை அறியும் கருவியாயிற்று. கதிர்வீசும் பாஸ்வரம் ஏறிய ஜீனைச் சாதாரணக் கிருமிக்குள் செலுத்தி, அது ஒரு குறிப்பிட்ட என்ஸைமைச் செய்யத் தொடங்கியபின் உறைய வைத்து, ஜீன் சிதையும்வரை காத்திருந்தனர் ரைலி, பார்டி, ஜாக்கப், மோனோ ஆகியோர். 1960-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: ஜீன் அழிய அழிய, என்ஸைமைச் செய்யும் திறமும் அழிந்தது. ஆகவே ஜீன் ஒருமுறை கட்டளையிட்டுவிட்டு ஓய்ந்திருப்பதன்று. விரைவில் மறையும் ஏதோ ஒரு தூதனை அது இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அடுத்த ஆண்டிலேயே அந்தத் தூதன் கண்டறியப்பட்டான். தூது ஆர்.என்.ஏ. என்பது அவன் பெயர்.

உறைந்து கிடந்த கிருமிகளின் மரணக் கணக்கிலிருந்து உயிர் நடக்கும் விதம் புலனாயிற்று என்பது வியப்பல்லவா?