கேளம்பாக்கத்தில் இருப்பவர்களும் பர்மாவிலிருந்து வந்தவர்களே

சிறுசேரி சிப்காட் வாசலிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தெற்கே போனால் படூர், அதை அடுத்துக் கேளம்பாக்கம். புயல் காலத்தில் மக்கள் ஒதுங்குவதற்கென்று அரசு கட்டிய காப்பகம் ஒன்றில் அங்கே பத்தாண்டுக்கும் மேலாகச் சில ரோஹிங்யா குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்துவருகின்றன. பெரியவர்கள் பலருக்குப் பழைய பொருட்கள் சேகரிப்பதே பிழைப்பு. பிள்ளைகள் தமிழ் பேசி வளர்கிறார்கள். பர்மா என்று நாம் அழைத்துவந்த மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து இவர்களைக் கிளம்ப வைத்த ராணுவத்துக்கு 2011 முதல் தலைமைத் தளபதியாக இருந்தவர் மின் ஆங் லைங். 2021 பிப்ரவரி 1 அதிகாலையில், மக்கள் தேர்ந்தெடுத்த ஆங் சான் சூச்சியைச் சிறைப்பிடித்து, புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த அன்றே ஆட்சியைப் பறித்தவரும் அவரே.

அந்த ஆட்சி இப்போது தேர்தல் என்ற ஆடையை உடுத்திக்கொண்டிருக்கிறது. 2025 டிசம்பர் 28, 2026 ஜனவரி 11, ஜனவரி 25 என மூன்று கட்டங்களாக வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. 2020 தேர்தலில் 476 இடங்களில் 396ஐ வென்ற தேசிய ஜனநாயக லீக் 2023இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதன் தலைவர் சூச்சி சிறையில் அடைக்கப்பட்டார். 2025 ஜூலையில் கொண்டுவந்த சட்டப்படி தேர்தலைக் குறைகூறுவதே சிறைக்குரிய குற்றம். போர் நடக்கும் பல பகுதிகளில் வாக்குப்பெட்டி போகவே இல்லை. யார் வென்றாலும் நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடங்கள் ராணுவத்துக்கே என்று 2008ஆம் ஆண்டு அரசியல் சாசனம் முன்பே எழுதிவைத்திருக்கிறது. வென்றது ராணுவத்தின் சொந்தக் கட்சி. இதைத் தேர்தல் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

ஐந்தாண்டுகளாக அந்த நாட்டில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். ஆட்சிக் கவிழ்ப்புக்கு மறுநாள் இரவு எட்டு மணிக்கு யாங்கூன் நகரத்து வீடுகளில் பாத்திரங்களைத் தட்டும் ஓசை எழுந்தது. பேய் ஓட்டுவதற்கு அங்கே செய்யும் வழக்கம் அது. அடுத்த நாளே அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களும் செவிலியர்களும் பணிக்குப் போக மறுத்தார்கள். பின்னால் ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பைப் படை சூழ்ந்து, குடும்பங்களை வெளியேற்றியது. புதிய கல்வியாண்டு தொடங்கும் வேளையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

2021 பிப்ரவரி 13ஆம் தேதி வந்த உத்தரவு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இரவு தங்க யார் வந்தாலும் வார்டு அதிகாரியிடம் பெயர் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்தை ராணுவம் மீட்டுக் கொண்டுவந்தது. ஊரிலிருந்து வரும் மாமியாரோ, தேர்வுக்காக வந்து தங்கும் தங்கை மகனோ, எல்லோரும் அரசின் கணக்கில் வந்தாக வேண்டும். பதியாதவரைத் தேடி நள்ளிரவில் கதவு தட்டப்படும். அந்நாட்களில் இரவு ஒரு மணிக்கு இணையம் துண்டிக்கப்படும். காலை ஒன்பது மணிக்குத்தான் திரும்பும். இடையில் யாரைக் கொண்டுபோனார்கள் என்று விடிந்த பிறகே தெரியும். பீரங்கியும் போர் விமானமும்தான் ராணுவ ஆட்சி என்று நினைப்பவர்கள் இந்த விருந்தினர் பதிவேட்டையும் நினைவில் வைக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரனை ஒற்றனாக்குவது அப்படித்தான் தொடங்குகிறது.

பணம் இருந்தவர்களும் தப்பவில்லை. வங்கி இயந்திரங்களின் முன் விடியுமுன்பே வரிசை நின்றது. எடுக்கும் தொகைக்கு வரம்பு வந்தது. கவிழ்ப்புக்கு முன் டாலருக்குச் சுமார் 1,300 கியாட்டாக இருந்த மதிப்பு, 2024இல் கறுப்புச் சந்தையில் 4,000ஐத் தாண்டிச் சரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அறிவிப்பு வந்த சில நாட்களில் மண்டலேயின் பாஸ்போர்ட் அலுவலக வாசலில் கூடிய கூட்ட நெரிசலில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். குடியுரிமையே இல்லை என்று தலைமுறைகளாகத் துரத்தப்பட்ட ரோஹிங்யா இளைஞர்களையும் முகாம்களிலிருந்து பிடித்துச் சென்று சீருடை மாட்டியது அதே ராணுவம். நாட்டில் இடம் இல்லாதவனுக்கு நாட்டுக்காகச் சாக மட்டும் இடம் உண்டு போலும்.

கொலைகளின் கணக்கை முழுவதும் எழுத இத்தலையங்கம் போதாது. 2021 மார்ச் 27, ராணுவ தினம். தலைநகர் நேபிடோவில் அணிவகுப்பு நடந்த அதே நாளில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 ஏப்ரல் 11 அன்று பாசிஜி கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மீது வீசப்பட்ட குண்டுகளில் மடிந்தவர்கள் 160க்கும் மேல். ஐ.நா. கணக்கில் வீடிழந்து உள்நாட்டிலேயே அலைபவர்கள் 35 லட்சம்.

அந்த மார்ச் 27 அணிவகுப்பில் எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். இந்தியா அவற்றில் ஒன்று. 2021 ஜூனில் ஆட்சிக் கவிழ்ப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்துக்கு 119 நாடுகள் ஆதரவளித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் கவுன்சில் தலைமை நம் கையில் இருந்த நேரத்தில் வந்த தீர்மானத்திலும் சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து ஒதுங்கியது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து மியான்மருக்குச் சென்ற ஆயுதம் மற்றும் அது சார்ந்த பொருட்களின் மதிப்பை 5.1 கோடி டாலர் என்று கணக்கிட்டது; அனுப்பியவற்றில் அரசுத் துறை நிறுவனங்களும் உண்டு என்றது. 2025இல் பாங்காக்கிலும் பிறகு தியான்ஜினிலும் பிரதமர் நரேந்திர மோடி தளபதி மின் ஆங் லைங்கைச் சந்தித்தார்.

டெல்லி சொல்லும் காரணங்களை நாம் அறியாதவர்கள் அல்லர். 1,643 கிலோமீட்டர் எல்லை, வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள், சீனாவின் பிடி, கலாதான் போக்குவரத்துத் திட்டம் ஆகிய எல்லாமே உண்மையான கவலைகள். அண்டை நாட்டு அரசோடு பேசாமல் எந்த அரசும் காலம் தள்ள முடியாது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது முதல் ஆளாய் நிவாரணம் அனுப்பியதைப் பாராட்டுகிறோம். ஆனால் பேசுவது வேறு, பார்வையாளர் வரிசையில் போய் அமர்வது வேறு, தளவாடம் விற்பது முற்றிலும் வேறு. மேலும், ராக்கைனின் பெரும் பகுதியும், சின் மாநிலத்தில் நம் எல்லையை ஒட்டிய பெரும் பகுதிகளும் ராணுவத்தின் கையை விட்டே போய்விட்டன. அறத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய நட்பு எல்லையைக்கூடக் காக்கவில்லை என்றால், இந்தக் கொள்கையில் மிஞ்சுவது என்ன?

இதெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் நினைக்க இயலாது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை, கைநிறையச் சம்பளம் என்ற வலையில் விழுந்து, பாங்காக்கில் இறங்கி, எல்லையிலுள்ள மோய் ஆற்றுக்கு அப்பால் கடத்திச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவடியில் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபர் 5 அன்று மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன. அந்தக் கூடங்கள் தழைத்தது ராணுவத்தோடு அணி சேர்ந்த எல்லைக் காவல் படையின் நிழலில். சட்டம் செத்த நாட்டில் கணினி தெரிந்த பிள்ளைகளும் சரக்காகிவிடுகிறார்கள்.

பர்மா ராணுவத்தைத் தமிழர்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. 1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார். தலைமுறைகளாக அங்கே வயல் திருத்தியவர்களும் கடை வைத்தவர்களும் சம்பாத்தியத்தையும் நகைகளையும் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சில லட்சம் இந்தியர்கள் அப்படி வெளியேறினார்கள். அவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். அவர்களுக்காகப் பர்மா காலனிகள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் பர்மா பஜார் வந்தது. திரும்பப் போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரேவில் ஒரு தமிழ் ஊரையே உண்டாக்கினார்கள். இன்று சென்னையின் தெருமுனைகளில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தட்டின் பின்னால் ஒரு ராணுவ உத்தரவு இருப்பது தெரியும்?

அன்று வந்தவர்கள் நம்மவர்கள், கேளம்பாக்கத்தில் இருப்பவர்கள் அப்படியா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் இருக்கும் வேறுபாடு சட்டத்தின் பார்வையில் உண்மைதான். 1964இல் வந்தவர்களை ஏற்க இந்தியாவுக்குக் கடமை இருந்தது. ரோஹிங்யாக்களை மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிவிட்டது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் துரத்திய கை ஒன்றே. அந்தக் கையிடம் திரும்ப ஒப்படைப்பது கொலைக்குத் துணைபோவதற்குச் சமம். அகதிகளில் எவரேனும் குற்றம் செய்தால் அவரைச் சட்டப்படி விசாரிக்கலாம். ஒருவர் மீதுள்ள சந்தேகத்துக்காகக் கைக்குழந்தையைத் தண்டிப்பது நீதியாகாது.

மத்திய அரசோ ரோஹிங்யாக்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது. 2025 மே மாதம் டெல்லியில் பிடிக்கப்பட்ட ரோஹிங்யாக்கள் அந்தமான் கடலில் இறக்கிவிடப்பட்டதாக எழுந்த புகாரை ஐ.நா. அறிக்கையாளர் விசாரிக்கத் தொடங்கினார். உச்ச நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. கேட்பது நீதிமன்றத்தின் உரிமை. நம் கேள்வி அரசிடம்: அந்த மனிதர்கள் இப்போது எங்கே? இதற்கு வெளிப்படையான பதில் தர ஓர் அரசுக்கு ஆதாரம் எதற்கு?

மாநிலங்களின் கை கட்டப்பட்டிருக்கிறது என்ற சாக்கையும் நாம் ஏற்கவில்லை. 2021 மார்ச் 10 அன்று, மியான்மரிலிருந்து எல்லை தாண்டி வருவோரைத் தடுத்துத் திருப்பி அனுப்புமாறு உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதியது. மணிப்பூர் அரசு, உணவும் தங்குமிடமும் தர முகாம் திறக்கலாகாது என்று எல்லை மாவட்டங்களுக்கு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. மிசோரம் வேறு வழி சென்றது. அப்போதைய முதல்வர் சோரம்தங்கா, இந்த அறிவுரையை ஏற்க இயலாது என்று பிரதமருக்கே எழுதினார். நம் பெருநகரம் ஒன்றின் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும் மக்கள்தொகை கொண்ட அந்த மாநிலம், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் ஊர் மக்களும் சேர்ந்து காக்கும்படி செய்தது. ஏறத்தாழ எட்டுக் கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டுக்குக் கேளம்பாக்கத்தின் ஒரு கட்டடத்தில் அடங்கும் மனிதர்கள் பாரமா?

மனம் இருந்தால் சட்டத்தில் வழி இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசே ஆணையிட்டது. வரவேற்கிறோம். அதே விலக்கை மியான்மர் ராணுவத்திடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு மறுப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் அரசு இதுவரை சொல்லவில்லை. இது அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கு இழுக்கு.

நம் தீர்ப்பு இது. ராணுவம் நடத்திய இந்தத் தேர்தலுக்கு இந்தியா ஒப்புதல் முத்திரை குத்துவது தவறு. தளவாட விற்பனையைத் தொடர்வது குற்றம். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்புவது மன்னிக்க முடியாதது. இவற்றை நாடாளுமன்றத்தில் உரக்கச் சொல்லும் பொறுப்பு தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் உண்டு. ஈழத்துக்காகப் பேசிய நாவுகள் ராக்கைனுக்காக மௌனம் காப்பது நமக்குப் புரியவில்லை.

மாநில அரசு செய்ய வேண்டியதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. புயல் காப்பகம் புயலுக்காகக் கட்டியது. ஒரு பிள்ளை பிறந்து பள்ளி முடிக்கும் வரை குடியிருக்கக் கட்டியது அல்ல. செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் இந்தக் குடும்பங்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் உள்ள தனித்தனி வீடுகளை ஒதுக்க வேண்டும். ஆதார் இல்லை என்று எந்தப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த அரசு மருத்துவமனையும் கர்ப்பிணியை அலைக்கழிக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவை நடந்தாக வேண்டும்.