விழுந்தவர் எழுந்து நடக்கட்டும்

"அம்மா வழுக்கி விழுந்துவிட்டார்; இடுப்பெலும்பு முறிந்துவிட்டது." ஊரிலிருந்து வரும் இத்தகைய தொலைபேசிச் செய்தி புலம்பெயர்ந்த நம்மவர் பலருக்குப் பழகிப்போனது. உடனே பணம் பறக்கிறது. சத்திரசிகிச்சையும் முடிகிறது. கடமை நிறைவேறியதாக ஆறுதல் கொள்கிறோம். உண்மையில் கடமை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

இம்முறிவுக்குள்ளாகும் முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரோ அதற்கும் மேற்பட்டோரோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிழைப்போரிலும் பலர் பழைய நடையை மீளப் பெறுவதில்லை. ஏற்கெனவே உள்ள நோய்களோடு படுக்கையும் சேர்ந்தே அவர்களை வீழ்த்துகிறது. நுரையீரல் அழற்சி, காலில் இரத்தக்கட்டு, படுக்கைப்புண், தசைமெலிவு எனத் துன்பங்கள் தொடர்கின்றன.

சத்திரசிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்த வேண்டும் என்கிறது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல். நாமோ, "ஆடாமல் அசையாமல் படுங்கோ அம்மா" என்கிறோம். பாசம்தான், ஆனால் கால்களின் வலுவைக் கரைத்துவிடும் பாசம்.

இலங்கையில் அரச வைத்தியசாலைகள் இலவசமாகச் சிகிச்சையளிக்கின்றன. வீடு திரும்பிய பின்னர் வரும் மாதங்களைக் கவனிப்பது பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. ஆகவே, அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இயன்மருத்துவருக்கும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவுக்கும், குளியலறைக் கைபிடிக்கும் போகட்டும். எலும்புத்தேய்வுக்கு மருந்து தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு முறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் அபாயம் அதிகம்.

தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் பிள்ளைகள், "இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்கள்?" என்றும் கேட்கப் பழகவேண்டும்.