அரைச் சாட்சியை நம்பித் தீர்ப்புக் கூறலாமா?

கைத்தொலைபேசியே இனி ஆய்வுகூடம் என்கிறார்கள். சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையைத் தோய்த்து, நிற அட்டையின் மேல் வைத்துப் படம் பிடித்தால், சில நிமிடங்களில் சிறுநீரகத்தின் நிலை தெரிந்துவிடுமாம். இத்தகைய வீட்டுச் சோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அனுமதி வழங்கியது. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் வரவேற்கிறோம். ஒரு நாட் கூலியை இழந்து, பஸ் ஏறிச் சென்று, வைத்தியசாலை வாசலிற் காத்துக்கிடக்கும் உழவனின் துன்பம் அறிந்த எவரும் இதனை வெறுக்கார்.

ஆயின், இக்கருவியைக் கிராமங்களில் வழங்கிவிட்டாற் போதும், சிறுநீரக நோயை அடக்கிவிடலாம் என வாதிடுவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: அந்தப் பட்டை எதைப் பார்க்கிறது?

அது பார்ப்பவை இரண்டே. ஒன்று அல்புமின் என்னும் புரதம். மற்றது கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருள். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் காணப்பட்டு, அந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், சிறுநீரகம் பழுதுற்றதெனக் கொள்வர். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்கும்போது புரதம் ஒழுகுகிறது. அங்கே இச்சோதனை நல்ல காவற்காரன். கந்தோரில் அமர்ந்து பணிபுரியும் நீரிழிவுக்காரர் இதனை ஆண்டுதோறும் செய்தல் வேண்டும்.

வயலில் நிற்பவனின் கதை வேறு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் துணியப்படாத அந்தச் சிறுநீரக நோய், வவுனியா உழவரையும் விட்டுவைக்கவில்லை. கிணற்றின் கடின நீரா, புளோரைட்டா, வேளாண் இரசாயனமா, வெயிலில் உடல் வற்றுவதா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் ஒன்று தெளிவு. அந்நோய் முதலிற் தாக்குவது வடிகட்டிகளையன்று. அவற்றை அடுத்துள்ள நுண்குழாய்களையும், அவற்றைச் சூழ்ந்த இழையங்களையுமே. ஆதலால் தொடக்கத்தில் அல்புமின் சிறிதளவே வெளிப்படும், வெளிப்படாமலும் இருக்கும். பட்டை ‘குறையில்லை’ என்று சொல்லும். சிறுநீரகமோ உள்ளே நலிந்துகொண்டிருக்கும்.

ஒரே கேள்விக்கு விடை கூறிய சாட்சியை வைத்து வழக்கை முடிக்கும் நீதிபதியை நாம் ஏற்போமா? உழவனின் உயிர் வழக்கில் மட்டும் அரைச் சாட்சி போதுமா?

குருதியிற் கிரியற்றினினை அளந்து, வடிகட்டும் வேகத்தைக் கணிக்கும் சோதனை புதியதன்று. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், தாதியர் வேண்டும், கிராமத்துக்கு வரும் நடமாடும் சிகிச்சை நிலையம் வேண்டும். கருவி வாங்குதல் எளிது; ஆள் நியமித்தல் கடினம். எளியதைச் செய்து கடினமானதை மறைப்பது ஆட்சியன்று, ஏமாற்று.

இன்னொன்றும் உண்டு. கருவி கண்ட முடிவு எவர் கைக்குப் போய்ச் சேரும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புக் காவலுக்குரியதாக வகுத்துள்ளது. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட நிபந்தனைக்கு விரலால் தொட்டு இணங்குபவனின் சம்மதம் சம்மதமாகுமா? சட்டம் கற்ற நாம் சொல்கிறோம்: ஆகாது.

எனவே நாம் கோருவன மூன்று. நோய்ப் பிரதேசங்களில் சிறுநீர்ச் சோதனையோடு குருதிச் சோதனையும் இலவசமாக நடத்தப்படல் வேண்டும். கருவியின் அறிவுரையும் சம்மதப் பத்திரமும் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். நோயாளரை எண்ணுவதோடு நில்லாது, அவர் குடிக்கத் தூய நீர் வழங்கப்படல் வேண்டும்.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, இதனை உங்கள் ஊர்ச் சங்கங்களில் எடுத்துரையுங்கள். உழவர் பெருமக்களே, பட்டை நன்றெனச் சொன்னாலும், குருதியையும் சோதிக்குமாறு கேளுங்கள். அது பிச்சையன்று, உங்கள் உரிமை!